காதில் நின்ற ஊசி

எங்கள் வீட்டில் சட்டை போடாத பொருள் என்று ஒன்றும் கிடையாது. டிவி ரிமோட்டுக்குச் சட்டை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை, மிக்சிக்கு, தண்ணீர்க் குடத்துக்கு, அப்பாவின் மொபெட் சீட்டுக்கு என்று எல்லாமே நூலால் பின்னிய சட்டைகள். கேஸ் சிலிண்டருக்குக்கூடப் பாவாடை மாதிரி ஒன்று சுற்றியிருக்கும். சட்டை போடாமல் நடமாடியது அப்பா ஒருவர்தான். காரைக்குடி வெயிலுக்கு அவருக்கு அதுதான் சௌகரியம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் தண்ணீர் பாட்டிலுக்கும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சட்டை உண்டு. "ஒம் பாட்டிலுக்கு என்னடி, குளுரு காச்சலா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். எனக்கு அழுகையாக வரும். வீட்டில் சொன்னால் மறுநாளே டிபன் பாக்சுக்கும் ஒன்று தயாராகிவிடும் என்பதால் சொல்ல மாட்டேன்.

இத்தனையையும் பின்னியவர் என் மாமா. அம்மாவின் தம்பி. அம்மாவின் பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியையும் தங்கையையும் வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி வந்தபோது இருவரையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். "எனக்குச் சீதனமா ஒரு மச்சினனும் ஒரு கொழுந்தியாளும் வந்தாக" என்று அப்பா சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் குறை எதுவும் இருக்காது. அப்பாவின் அந்தப் பெரிய மனதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாமாவுக்குக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். கல்யாணம், திருவிழா என்றால்தான் வருவார்கள். மற்ற நாட்களில் கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, கூட்டி, மறுபடி பூட்டிவிட்டால் மாமாவின் வேலை முடிந்தது. மிச்சப் பொழுதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது அவருக்கு வரவே வராத வேலை. ஒருமுறை வந்திருந்த அந்த வீட்டு ஆச்சி, பூச்சி அரித்த பழைய மேசைவிரிப்பு ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னார்கள். குரோஷாவில் பின்னிய விரிப்பு. மாமா அதைப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்துப் பார்த்தார். எந்தக் கண்ணிக்குள் எது நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துப் பார்த்து அவிழ்த்தார். அது முழுக்க நூலாகிவிட்டபோது, அதைத் திரும்பப் பின்னும் வித்தை அவர் கைக்கு வந்திருந்தது. அப்புறம் டவுனில் உள்ள ஃபேன்சி ஸ்டோரில், "அக்கா கேட்டாக" என்று பொய் சொல்லி ஒரு கொக்கி ஊசி வாங்கினார்.

பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் புதுப்புது சாமான்களைப் பின்ன ஆரம்பித்தார். சார்ஜர் தொங்கவிடும் பை, ஹெட்போன் உறை, ஸ்கூட்டி சாவிக்குக் குஞ்சம். சாமான்தான் புதுசு, பின்னல் என்னவோ அந்தப் பழைய மேசைவிரிப்பின் பின்னல்தான். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர் அவர். வேலை முடிந்ததும் ஊசியை நூல் உருண்டையில் குத்தி, உருண்டையை மஞ்சள் பையில் போட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

இதெல்லாம் வீட்டுக்குள் மட்டும். ஒருமுறை டீக்கடைச் சேக்காளிகள் அவர் சட்டைப் பையில் ஊசியைப் பார்த்துவிட்டு, "பூவும் வாங்கியாரவா?" என்று கேட்டுவிட்டார்கள். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அம்மா உஷாராகிவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "ஊசிய உள்ள வைடா" என்று குரல் கொடுப்பாள்.

இனி சித்தி. அம்மாவின் தங்கை. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். ஸ்கூட்டியில்தான் போவாள், வருவாள். வாய் ரொம்பத் துடுக்கு. அவளுக்குக் கையில் நூல் கொடுத்தால் சட்டைப் பொத்தானை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சிக்கு ஆகாமல் எனக்கு வேண்டாம் என்று மாமாவும் தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டே இருந்தார். வருகிறவர்களில் பாதிப் பேரைச் சித்திக்குப் பிடிக்காது. மீதிப் பேருக்குச் சித்தியின் வாயைப் பிடிக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள். இலையில் மட்டும் உட்கார மாட்டார்கள். சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால், "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அதற்காகச் சமைக்காமல் இருக்க முடியுமா? அம்மா ஒவ்வொரு தடவையும் வடை பாயசத்தோடு சமைத்து மூடி வைத்துவிட்டு, ஒன்றுமே சமைக்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். சித்தியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன பாயசத்தில்தான் நான் அந்த வருடம் சதை போட்டேன். ஆகவே பெண் பார்க்கும் படலம் இன்னும் கொஞ்ச காலம் நீண்டால் தேவலை என்பது என் கட்சி.

ஒரு சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டியில் கூட்டம் நெரித்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, என் அம்மாவின் கையில் இருந்த அர்ச்சனைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் உட்காரத் தனியாக ஒரு வட்டக் குழி, பூவுக்குத் தனி அறை என்று மாமா பின்னிக் கொடுத்த பை அது.

"எங்க வாங்குனீக?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வாங்கலைக்கா, வீட்ல பின்னுனது."

"ஆரு பின்னுனா?"

அம்மா வாயைத் திறந்தாள். தம்பி என்று வரவேண்டிய இடத்தில் தங்கச்சி என்று வந்துவிட்டது. டீக்கடைக் கேலி அவளுக்குள் அவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது போலும். பிள்ளையார் கோயில் வரிசையில் நின்றுகொண்டு ஒரு பொய். பிள்ளையாரும் கேட்டுக்கொண்டார்.

தங்கச்சிக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பது அந்த அம்மாவின் அடுத்த கேள்வி. அவர் தேவகோட்டைக்காரர். தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கும் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். தூரத்துச் சொந்தம் என்பதும் பேச்சில் தெரிந்தது. சன்னதியை நெருங்குவதற்குள் போன் நம்பர்கள் மாறிவிட்டன. மறுநாள் பையனின் போட்டோ சித்தியின் செல்போனுக்கு வந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றுமே சொல்லாமல் இருந்ததை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் மறுபடி பார்த்தாள். நான் எட்டிப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள். அம்மாவின் கண் கலங்கியது. சித்திக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. வருகிற அம்மா பெண்ணின் கைவேலையைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? ஒரு வாரத்துக்குள் சித்திக்கு ஒரு சங்கிலிப் பின்னலாவது வரவேண்டும் என்று முடிவானது. மாமா எவ்வளவோ பொறுமையாகக் காட்டினார். சித்தியின் கையில் அது இடியாப்பமாக விழுந்தது. கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். கட்டைவிரலில் ஒரு கட்டுப் போட்டுவிட்டால் யார் பின்னச் சொல்வார்கள்?

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்பாக. இது ஒண்ணுதான? போட்டுக்கத்தா" என்றார் அப்பா.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் அத்தான். ஒம்பதாம் நாளு அங்குட்டுப் போயி நான் என்ன செய்யிறது?" என்றாள் சித்தி. வழக்கமான துடுக்கு அந்தக் குரலில் இல்லை. பயந்திருந்தாள். மாமா அவளைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் சித்தியின் வலது கட்டைவிரலில் இருந்த கட்டு, வளையல் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று இடது கைக்கு மாறியது. அம்மா வடையைத் தட்டிக்கொண்டே என்னிடம், "வாயத் தெறந்த, தொலைச்சுப்புடுவேன்" என்று எச்சரித்தாள். நான் முந்திரிப் பருப்பு திருடலாம் என்று உள்ளறைக்குப் போனேன். அங்கே மாமா சலவை வேட்டியும் புதுச் சட்டையுமாக ஒரு மூலையில் நின்று, கொக்கி ஊசியின் மேல் சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இப்பயும் பின்னப் போறீகளா மாமா?"

"சும்மாத்தா. நீ போயி வாசல்ல நில்லு" என்றார்.

அவர்கள் வந்தார்கள். தேவகோட்டை அம்மா, மகன், கூட இரண்டு உறவினர்கள். மாப்பிள்ளை கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சட்டை போட்ட ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி காப்பி கொடுத்து உட்கார்ந்ததும், அந்த அம்மா தன் கைப்பையிலிருந்து பாதி பின்னிய ஒன்றை எடுத்தார். அவரும் பின்னுகிறவர்! செல்போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிடும் உறை அது. மூலை திரும்புகிற இடத்தில் படியாமல் கிண்ணம் மாதிரிக் குவிந்திருந்தது.

"இந்த மூலை ஏந்த்தா இப்புடிக் குவியுது? எத்தன தடவ அவுத்தும் சரியா வரல. நீ கொஞ்சம் பாரு."

சித்தி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அடடா, என்னாச்சு?"

"அருவாமனை" என்று அம்மாவும், "கதவிடுக்கு" என்று அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"கதவிடுக்குலயா அருவாமனைய வச்சிருக்கீக?" என்றார் அந்த அம்மா. சிரிக்காமல் கேட்டார். பிறகு சித்தியின் கையைக் கூர்ந்து பார்த்தார். "கட்டு எடது கையிலதான இருக்கு. ஊசி பிடிக்கிறது வலது கைதான?"

நூலைப் பிடித்து இழுத்துக் கொடுப்பது இடது கைதான், அது இல்லாமல் ஒரு கண்ணிகூட விழாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது பின்னுகிறவர்களுக்கு வருகிற பதில். சித்திக்கு வரவில்லை. மாமா பக்கத்திலேயே கிடந்து வளர்ந்த எனக்கு அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அம்மாவின் விரல்கள் என் தோளை நசுக்கியதில் திரும்பப் போய்விட்டது. சித்தியின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

பெண்ணின் அண்ணன்தான் வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து மாமா தட்டோடு உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. வலது காதில், தச்சு ஆசாரி பென்சில் செருகியது போல, குரோஷா ஊசி. அதில் சுற்றியிருந்த சிவப்பு நூலின் நுனி தோள்வரை தொங்கியது.

அம்மா பதறிப்போய்த் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மாமாவுக்குப் புரியவில்லை. அப்பாவும் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அப்போதும் புரியவில்லை. எல்லோரும் காதைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, இது இந்த வீட்டு மரியாதை போலிருக்கிறது என்று மாப்பிள்ளையும் தன் காதை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"தம்பி, அதென்ன காதுல?" என்றார் தேவகோட்டை அம்மா.

மாமா தட்டைக் கீழே வைத்தார். காதிலிருந்து ஊசியை எடுத்தார். சித்தியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

சித்தி எழுந்தாள். விரலில் இருந்த கட்டை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இது பொய்க்கட்டு. எனக்குக் குரோஷா தெரியாது. கோயில்ல நீங்க பாத்த பை, இந்த வீட்ல கெடக்குறது அம்புட்டும் எங்கண்ணன் பின்னுனது. ஆம்பள பின்னுறான்னு கேலி பண்ணுவாகன்னுதான் அக்கா அப்புடிச் சொல்லிருச்சு. அக்கா மேல கோவிச்சுக்கிறாதீக. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும். இது தெரியாது."

அம்மா சுவரோடு சுவராக ஒட்டிப்போனாள். வந்த உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேவகோட்டை அம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல கேலி பண்ண என்ன இருக்கு? நம்ம கட்டுற சேலைய நெய்யிறது ஆரு, ஆம்பளைகதான?" என்றார். பிறகு பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "இங்குட்டு வந்து ஒக்காருங்க தம்பி. இந்த மூலைக்கு ஒரு வழி சொல்லுங்க."

மாமா உட்கார்ந்தார். அந்நியர்கள் முன்னால் முதல்முறையாக ஊசியைப் பிடித்தார். முதல் கண்ணியை இரண்டு தடவை தவறவிட்டார். "மூலையில மட்டும் ஒரே கண்ணிக்குள்ள மூணு பின்னல் விடணும்மா. நீங்க ஒண்ணுதான் விட்டிருக்கீக. அதான் குவியுது" என்றபோது ஊசி தானாக ஓட ஆரம்பித்தது. குவிந்திருந்த மூலை அவர் கையில் மெல்லப் படிந்தது. அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்தார். பிறகு சித்தியை ஏறிட்டுப் பார்த்தார்.

"பின்னத் தெரியாட்டி என்ன? தப்பா விழுந்தத அவுக்கத் தெரியுதுல்ல" என்றார். மகன் பக்கம் திரும்பினார். மகன் ரிமோட்டை விட்டுவிட்டு எப்போதோ சித்தியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் தலையை ஆட்டியதும் அந்த அம்மா என் அம்மாவிடம், "இலையப் போடுங்கத்தா. கை நனைச்சுட்டுப் போறோம்" என்றார்.

அம்மா விம்மிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். அப்பா அன்றைக்குப் போட்ட சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடே சிரித்தது. நான் மட்டும் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். வந்தவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில், பாயசப் பாத்திரத்தில் எனக்கென்று ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சித்தியின் சீர்ச் சாமான்கள் மிக்சி, கிரைண்டர் முதற்கொண்டு சட்டை போட்டுக்கொண்டுதான் தேவகோட்டைக்குப் போயின. மாமாவின் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் அவர் வாசலில் உட்கார்ந்தே பின்ன ஆரம்பித்தார். டீக்கடையில் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து செல்போன் உறை கேட்டார்கள். அவருக்கும் கல்யாணமானது. அவர் பார்த்துக்கொண்ட கண்டனூர் வீட்டில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். அங்கே சோபாவில் கிடக்கும் மெத்தை உறைகள் எல்லாம் மாமாவுடையவை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் என்ன பூ இருக்கிறதோ, அதே பூவை நூலில் கொண்டுவந்துவிடுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. விசேஷம் என்று கூடினால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எம்புட்டு ஒழுங்கான ஆளு, அன்னைக்குன்னு பாத்துக் காதுல வச்சத மறந்துட்டான்" என்று அம்மா தொடங்குவாள். "மச்சான் மறதியிலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு" என்று சித்தப்பா முடிப்பார். மாமா தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். நானும் இத்தனை வருடமாக அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து போயிருந்தேன். என் லேப்டாப்புக்கு மாமா பின்னிய பையைப் பார்த்துவிட்டு ஆபீசில் நான்கு பேர் கேட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் பாட்டிலை ஒளித்து வைத்தவள், இப்போது அந்தப் பையை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிக்கொண்டு நடக்கிறேன். மாமா அடுத்த பைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஊசியை என்னிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். அத்தை டீயும் முறுக்குமாக வந்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஊசியைக் காதில் செருகினேன். நின்றால்தானே? வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி செருகினேன். மறுபடி விழுந்தது.

மாமா அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "காதுலயெல்லாம் நிக்காதுத்தா. எவர்சில்வரு, வழுக்கிரும். நூலச் சுத்தி வச்சாத்தான் நிக்கும்."

நான் குனிந்தபடியே இருந்துவிட்டேன். உள்ளறை மூலையும், சலவை வேட்டியும், நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு நூலும் கண்ணுக்குள் வந்து நின்றன. வாயால் சொல்லியிருந்தால், வந்தவர்கள் முன்னால் தன்னை வளர்த்த அக்காவைப் பொய்க்காரியாக்கியதாக ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டிருந்தால், ஒன்பதாம் நாள் தங்கச்சி அந்த வீட்டில் தனியாகத் தலைகுனிந்து நின்றிருப்பாள். அதனால், எதற்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாரோ, அதையே எல்லோரும் பார்க்கும்படி காதில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்திருக்கிறார். வந்துவிட்டு, மறதிக்காரன் என்ற பேரையும் இத்தனை வருடம் சிரித்துக்கொண்டே சுமந்திருக்கிறார்.

"மாமா, அன்னைக்கு..." என்றேன்.

"டீ ஆறுது, குடித்தா" என்றார்.

குடித்தேன். அந்த மனிதர் கையால் பின்னிய சட்டை என் பாட்டிலுக்குக் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்து போனது. ஊசியை எடுத்து நூல் உருண்டையில் குத்தி வைத்தேன். அவர் அந்த நூலைச் சுற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்கோ அன்றைக்கு முந்திரிப் பருப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.